கண்ணு சரியாயிடுச்சு... மாத்திரையை நிறுத்திடலாமா? - எம்.எஸ். பாதிப்பும் சத்தமில்லாமல் சுருங்கும் மூளையும்

காலை எட்டு மணி. பட்டாபிராம் ஸ்டேஷனில் சென்ட்ரல் போகும் ரயிலுக்காக நிற்கிறீர்கள். கையில் போன். தூசி விழுந்தது என்று இடது கண்ணைக் கசக்கும்போதுதான் கவனிக்கிறீர்கள், வலது கண்ணில் எழுத்துகள் கலங்கலாகத் தெரிகின்றன. கண்ணை அசைத்தால் உள்ளுக்குள் வலிக்கிறது. சிக்னலின் சிவப்புகூட வெளுத்துப்போன மாதிரி இருக்கிறது.

'ராத்திரி ரொம்ப நேரம் ரீல்ஸ் பார்த்தோம்ல, அதான்' என்று விட்டுவிடத் தோன்றும். பெரும்பாலும் கண் மங்கலுக்குச் சாதாரணக் காரணம்தான் இருக்கும். ஆனால் ஒரு கண்ணில் மட்டும் மங்கல், அசைத்தால் வலி, நிறம் மங்குதல் மூன்றும் சேர்ந்து வந்தால் அது பார்வை நரம்பின் அழற்சியாக இருக்கலாம். 20 முதல் 40 வயதுக்குள் வரும் 'மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்' என்ற எம்.எஸ். நோயின் முதல் அறிகுறி பலருக்கு இதுதான்.

அடுத்து நடப்பதும் பலருக்கு ஒரே மாதிரிதான். எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். சில நாள் ஸ்டீராய்டு டிரிப் ஏற்றுவார்கள். சில வாரங்களில் பார்வை திரும்பிவிடும். நீண்ட நாள் சாப்பிட வேண்டிய மாத்திரையையோ, போட்டுக்கொள்ள வேண்டிய ஊசியையோ டாக்டர் எழுதித் தருவார். ஆறு மாதம் கழித்து வீட்டில் ஒரு குரல் எழும்: "கண்ணுதான் நல்லாயிடுச்சே, இன்னும் எதுக்கு இவ்ளோ காசு கொட்டி மாத்திரை வாங்கணும்?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில். சுருக்கமாகச் சொன்னால், அட்டாக் நின்றிருக்கலாம், நோய் நின்றிருக்காது. இரண்டு அட்டாக்குகளுக்கு நடுவே, உங்களுக்கு எதுவுமே தெரியாத நாள்களிலும் மூளையின் அளவு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டிருக்கலாம்.

எம்.எஸ். என்றால் என்ன?

மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் செய்தி கொண்டுபோகும் நரம்பிழைகளுக்கு மேலே 'மயலின்' என்ற கொழுப்பு உறை இருக்கிறது. கரன்ட் ஒயர் மேல் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் மாதிரி. கிருமிகளோடு சண்டை போட வேண்டிய நம் நோய் எதிர்ப்பு சக்தியே வழி தவறி இந்த உறையைத் தாக்குவதுதான் எம்.எஸ். உறை கிழிந்த இடத்தில் செய்தி தாமதமாகப் போகும், அல்லது போகாமலே நின்றுவிடும்.

பார்வை நரம்பில் அடி விழுந்தால் கண் மங்கும். தண்டுவடத்தில் விழுந்தால் கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், சிறுநீரை அடக்க முடியாமல் போகும். சிறுமூளைப் பக்கம் விழுந்தால் கை நடுங்கும், தலை சுற்றும். எங்கே அடி என்பதைப் பொறுத்து அறிகுறி மாறும். அதனால்தான் இரண்டு பேருக்கு எம்.எஸ். ஒரே மாதிரி இருப்பதில்லை.

1868-ல் பாரிஸ் நகரின் டாக்டர் ஜீன் மார்ட்டின் ஷார்கோ இதைத் தனி நோயாக விவரித்தார். 2023 கணக்குப்படி உலகம் முழுவதும் சுமார் 29 லட்சம் பேருக்கு இது இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம். வட ஐரோப்பாவின் பல நாடுகளில் லட்சம் பேரில் 100-க்கும் மேற்பட்டவர்களுக்கு உண்டு. நம்மூரில் அவ்வளவு இல்லை. மங்களூரு நகரில் நடந்த ஓர் ஆய்வில் லட்சத்துக்குச் சுமார் 8 பேர் என்று தெரியவந்தது. விகிதம் சிறியதுதான். ஆனால் நம் மக்கள்தொகையால் பெருக்கினால் அது சின்ன கூட்டம் இல்லை.

ஏன் வருகிறது? ஒரே காரணம் என்று எதையும் கைகாட்ட முடியாது. 2022-ல் அமெரிக்க ராணுவத்தினர் ஒரு கோடிப் பேருக்கும் மேலானவர்களின் பதிவுகளை வைத்து ஹார்வர்ட் ஆய்வாளர்கள் ஒரு முக்கியமான விஷயத்தைச் சொன்னார்கள். 'எப்ஸ்டீன் பார்' என்ற வைரஸ் தொற்றிய பிறகு எம்.எஸ். வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடுகிறது. ஆனால் அந்த வைரஸ் உலகில் பெரும்பாலானவர்களுக்கு வந்து போவதுதான். அவர்களில் மிகச் சிலருக்கே எம்.எஸ். வருகிறது. பரம்பரைக் கூறு, புகைப்பழக்கம், வைட்டமின் டி குறைவு, டீன்ஏஜ் வயதில் அதிக உடல் எடை ஆகியவையும் பங்கு வகிக்கின்றன. திருஷ்டி, சாபம், செய்த பாவம் எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டிக்கொள்ளும் நோயும் இல்லை.

மூளை ஏன் சுருங்குகிறது?

முன்பெல்லாம் எம்.எஸ். என்றால் உறை மட்டும்தான் போகும், உள்ளே இருக்கும் இழை தப்பித்துவிடும் என்ற எண்ணமே வலுவாக இருந்தது. 1998-ல் அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக்கைச் சேர்ந்த புரூஸ் டிராப் குழுவினர் எம்.எஸ். பாதித்த மூளைத் திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது, அழற்சி உள்ள இடங்களில் நரம்பிழைகளே துண்டாகிக் கிடந்தன. உறை ஓரளவுக்குத் திரும்ப வளரும். துண்டான இழை மூளைக்குள் திரும்ப ஒட்டாது. இழை போனால் அதோடு இணைந்த நரம்பு செல்லும் காலப்போக்கில் பலவீனமாகிச் சாகும். இப்படிப் போகும் இழைகள், செல்கள், உறைகளின் மொத்தக் கணக்குதான் மூளைச் சுருக்கம்.

உங்கள் பேங்க் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். அட்டாக் என்பது ஏ.டி.எம்.மில் பெரிய தொகை எடுப்பது மாதிரி. உடனே மெசேஜ் வரும், பதறிவிடுவீர்கள். மூளைச் சுருக்கம் என்பது மெசேஜே வராமல் மாதாமாதம் போகும் ஆட்டோ டெபிட். இருப்பு நிறைய இருக்கும்வரை தெரியவே தெரியாது. இளம் மூளைக்கு இருப்பு அதிகம். ஒரு பாதை அடைத்தால் இன்னொரு பாதையில் வேலையை முடித்துவிடும். இருப்பு கரைந்த பிறகுதான் நடையிலும் நினைவிலும் குறை எட்டிப்பார்க்கும். அப்போது போனதைத் திரும்பக் கொண்டுவர இன்று எந்த மருந்தும் இல்லை.

எவ்வளவு சுருங்கும்?

வயது ஏற ஏற எல்லோருடைய மூளையும் சுருங்கத்தான் செய்கிறது. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 0.1 முதல் 0.3 சதவிகிதம். சிகிச்சை எடுக்காத எம்.எஸ். நோயாளிகளுக்கு அது 0.5 முதல் 1.35 சதவிகிதம் வரை இருக்கிறது.

'ஒரு சதவிகிதம்தானே' என்று தோன்றுகிறதா? ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒருவரின் மூளை 1,300 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 0.2 சதவிகிதம் என்றால் அரை டீஸ்பூன். பத்து ஆண்டுகளில் ஏறக்குறைய 26 மில்லி. அதுவே ஆண்டுக்கு 1 சதவிகிதம் என்றால் பத்து ஆண்டுகளில் சுமார் 125 மில்லி. டீக்கடையில் தரும் ஒரு சின்ன கிளாஸ் அளவு. 25 வயதில் நோய் தெரியவந்தவருக்கு 35 வயதில் இந்த நிலை என்றால், அது வேலையில் மேலே ஏறும் வயது, குழந்தையைத் தூக்கி வளர்க்கும் வயது.

இந்தச் சுருக்கம் நோய் முற்றிய பிறகு தொடங்குவதும் இல்லை. முதல் அட்டாக் வந்த காலத்திலேயே அளவு குறைவது எம்.ஆர்.ஐ. ஆய்வுகளில் தெரிகிறது. மூளையின் நடுவே, தகவல்களைப் பிரித்து அனுப்பும் ஜங்ஷன் மாதிரி இருக்கும் 'தாலமஸ்' பகுதி ஆரம்பத்திலேயே அடிவாங்கும் இடங்களில் ஒன்று.

வெளியே எப்படித் தெரியும்?

கை கால் நன்றாக இருக்கும். ஆனால் மீட்டிங்கில் நாலு பேர் சேர்ந்து பேசினால் பின்தொடர முடியாது. ஓ.டி.பி.யைப் பார்த்து அடிப்பதற்குள் மறந்துபோகும். முன்பு பத்து நிமிடத்தில் முடித்த மெயிலுக்கு அரை மணி நேரம் ஆகும். மதியத்துக்குள் பேட்டரி தீர்ந்த போன் மாதிரி உடம்பு படுத்துவிடும். 2024-ல் திறந்த பட்டாபிராம் டைடல் பார்க்கின் 21 மாடிகளில் எதில் வேலை பார்த்தாலும், மேனேஜர் கண்ணுக்கு இது 'சோம்பேறித்தனம்' என்றுதான் படும். வீட்டில் 'எந்நேரமும் போன், அதான் ஞாபக மறதி' என்பார்கள்.

எம்.எஸ். உள்ளவர்களில் 40 முதல் 65 சதவிகிதம் பேருக்கு இப்படிச் சிந்தனை வேகத்திலோ நினைவிலோ ஏதாவது ஒரு சிக்கல் வருகிறது. இதற்கும் மூளைச் சுருக்கத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. இதை அளக்க எளிய தேர்வு இருக்கிறது. ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஓர் எண் கொடுத்து, 90 விநாடிகளில் எத்தனைக் குறியீடுகளுக்குச் சரியான எண் சொல்கிறீர்கள் என்று பார்ப்பார்கள். ஆண்டுக்கு ஒருமுறை இதைச் செய்து பார்க்க முடியுமா என்று உங்கள் நியூராலஜிஸ்டிடம் கேளுங்கள். மறதிக்கும் களைப்புக்கும் தூக்கமின்மை, மனச்சோர்வு, தைராய்டு, ரத்தசோகை என வேறு காரணங்களும் உண்டு. அவற்றில் பலவற்றைச் சரிசெய்துவிடலாம். அதனால் 'எல்லாம் எம்.எஸ்.தான்' என்று நீங்களாக முடிவு கட்ட வேண்டாம்.

ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதறாதீர்கள்

'மூளை சுருங்கியிருக்கிறது' என்று எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் ஒரு வரி இருந்தால் உடனே கூகுளைத் திறக்காதீர்கள். ஒரே ஒரு ஸ்கேனை வைத்து சுருங்கும் வேகத்தைச் சொல்ல முடியாது. குறைந்தது இரண்டு ஸ்கேன்களை ஒப்பிட வேண்டும். அதிலும் சில பொறிகள் இருக்கின்றன.

முதல் பொறி தண்ணீர். 2005-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமானவர்கள் 16 மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் இருந்தபோதே மூளை அளவு சுமார் 0.55 சதவிகிதம் குறைந்தது. திரும்பத் தண்ணீர் குடித்ததும் ஏறிவிட்டது. யோசித்துப் பாருங்கள், எம்.எஸ். ஓர் ஆண்டில் செய்வதை தாகம் ஒரே நாளில் செய்துகாட்டுகிறது. மே மாத வெயிலில் ஆவடி சாலையில் பைக் ஓட்டிவிட்டு, தொண்டை வறண்டு போய் ஸ்கேனில் படுத்தால் கணக்கு தப்பும்.

இரண்டாவது, ஸ்டீராய்டு. டிரிப் ஏற்றிய பிறகு கொஞ்ச நாளைக்கு அளவு குறைந்து தெரியும். மூன்றாவது, புதிய மருந்து. மருந்து அழற்சியைக் குறைத்ததும் வீக்கம் வடியும். அதனால் முதல் ஆறு மாதம், ஒரு வருடம் மூளை வேகமாகச் சுருங்குவது போலத் தெரியலாம். இதைப் 'பொய்ச் சுருக்கம்' என்றே எடுத்துக்கொள்கிறார்கள். மருந்து வேலை செய்வதன் அடையாளத்தைப் பார்த்துவிட்டு 'மருந்தால்தான் மூளை போச்சு' என்று நிறுத்துவது எவ்வளவு பெரிய தவறு!

நான்காவது, மெஷின். ஒரு சென்டரில் ஒரு மெஷின், அடுத்த ஆண்டு ஆஃபர் போட்டிருக்கிறார்கள் என்று வேறு சென்டரில் வேறு மெஷின். இரண்டையும் ஒப்பிட்டால் வரும் வித்தியாசம் மூளையினுடையதா, மெஷினுடையதா என்று பிரிக்க முடியாது. முடிந்தவரை ஒரே சென்டரில், ஒரே மெஷினில் எடுங்கள். சி.டி.யைப் பத்திரமாக வையுங்கள். காகித ரிப்போர்ட்டைவிட டாக்டருக்கு அதுதான் முக்கியம்.

இவ்வளவு சிக்கல் இருப்பதால்தான் மருந்து ஆய்வுகளில் நூற்றுக்கணக்கானவர்களின் சராசரியாக இந்த அளவைப் பயன்படுத்துகிறார்கள், தனி ஒருவருக்கு இதை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை. உங்கள் நடை, பார்வை, சிந்தனை வேகம், ஸ்கேனில் புதிய வெள்ளைத் திட்டுகள் இருக்கின்றனவா என்பதெல்லாம் சேர்ந்ததுதான் முழுப் படம்.

மருந்து என்ன செய்கிறது?

ஸ்டீராய்டு அட்டாக்கிலிருந்து சீக்கிரம் எழ உதவும். அடுத்த அட்டாக்கைத் தடுக்காது. அதற்கென்று தனி மருந்துகள் இருக்கின்றன. 1993-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இன்டர்ஃபெரான் பீட்டா ஊசிதான் முதலாவது. அதன் பிறகு மாத்திரைகள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏற்றும் டிரிப்கள் என்று ஒரு டஜனுக்கும் மேல் வந்துவிட்டன.

அவை மூளைச் சுருக்கத்தையும் குறைக்குமா? 2010-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், இரண்டு ஆண்டுகளில் போலி மாத்திரை சாப்பிட்டவர்களின் மூளை சராசரியாக 1.31 சதவிகிதம் சுருங்கியது. ஃபிங்கோலிமோட் சாப்பிட்டவர்களுக்கு அது 0.84 சதவிகிதம். நிற்கவில்லை, வேகம் குறைந்தது. அந்த வித்தியாசம்தான் வருடக்கணக்கில் சேர்ந்து, ஒருவர் கைத்தடி பிடிக்கும் நாளைத் தள்ளிப்போடுகிறது.

ஒரு எச்சரிக்கை. சில மருந்துகளைத் திடீரென நிறுத்தினால் நோய் முன்பைவிட வேகமாகத் திரும்பி அடிக்கும். ஃபிங்கோலிமோட் அவற்றில் ஒன்று. கல்யாணம், கர்ப்பம், பக்கவிளைவு, பணக்கஷ்டம், எந்தக் காரணமாக இருந்தாலும் நிறுத்தும் முன் டாக்டரிடம் பேசுங்கள். குழந்தைக்குத் திட்டமிடும் பெண்களுக்குச் சில மருந்துகள் கூடவே கூடாது, சிலவற்றை முன்கூட்டியே மாற்ற வேண்டும். எம்.எஸ். இருந்தால் குழந்தை பெறக் கூடாது என்று எதுவும் இல்லை. கர்ப்ப காலத்தில் அட்டாக் குறைவதும், பிரசவத்துக்குப் பிறகு முதல் மூன்று மாதங்களில் கூடுவதும் நன்கு தெரிந்த விஷயம். அதற்கு ஏற்பத் திட்டமிட்டால் போதும்.

செலவு பெரிய கவலைதான். 2023-ல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் முதன்முறையாக எம்.எஸ். மருந்துகளைச் சேர்த்தது. கிளாட்ரிபின், கிளாட்டிராமர், ரிட்டுக்ஸிமாப் ஆகிய மூன்று. இதில் ரிட்டுக்ஸிமாப்பின் இந்தியத் தயாரிப்பு 2007 முதலே இங்கே கிடைக்கிறது. ஃபிங்கோலிமோட், டைமெத்தில் ஃபியூமரேட் ஆகியவற்றுக்கும் இந்திய ஜெனரிக் மாத்திரைகள் உண்டு. 'இதைவிட விலை குறைந்தது எனக்குச் சரிப்படுமா?' என்று டாக்டரிடம் கேட்க வெட்கப்படாதீர்கள். மருந்தைப் பாதியில் விடுவதைவிட அந்தக் கேள்வி எவ்வளவோ மேல்.

எம்.எஸ்.தானா என்று உறுதி செய்துவிட்டீர்களா?

நம் நாட்டில் இது முக்கியம். 'என்.எம்.ஓ.' என்று இன்னொரு நோய் இருக்கிறது. அதுவும் பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும். ஆனால் எம்.எஸ்.ஸுக்குத் தரும் இன்டர்ஃபெரான், ஃபிங்கோலிமோட் போன்றவை அதை மோசமாக்கிவிடும். அக்வாபோரின்-4 புரதத்துக்கு எதிரான எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்த்துப் பிரித்துவிடலாம். பி12 குறைபாடு, காசநோய் போன்றவையும் எம்.எஸ். மாதிரி வேஷம் போடும். மருந்து தொடங்கும் முன் 'இவற்றையெல்லாம் பார்த்தாச்சா டாக்டர்?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

கத்திரி வெயிலில் கண் மங்கினால்?

வெயிலில் நடந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, வெந்நீரில் குளித்தாலோ பழைய அறிகுறி திரும்ப எட்டிப்பார்க்கும். 1890-ல் இதைக் கவனித்த ஜெர்மன் கண் டாக்டர் ஊத்தாஃப் பெயராலேயே இதைக் குறிப்பிடுகிறார்கள். உறை கிழிந்த நரம்பு சூட்டில் இன்னும் மெதுவாக வேலை செய்யும், அவ்வளவுதான். உடம்பு குளிர்ந்ததும் சரியாகிவிட்டால் அது புதிய அட்டாக் இல்லை, அதனால் மூளை சுருங்குவதும் இல்லை. ஈரத்துண்டைக் கழுத்தில் போடுங்கள், தண்ணீர் பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள், கூட்டம் குறைந்த ரயிலைப் பிடியுங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் அறிகுறி நீடித்தால் டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

உங்கள் கையில் இருப்பவை

சிகரெட்டை விடுங்கள். எம்.எஸ். உள்ளவர்களில் புகைப்பவர்களுக்கு மூளை வேகமாகச் சுருங்குவதை ஆய்வுகள் காட்டுகின்றன. பி.பி., சுகர், எடை மூன்றையும் கட்டுக்குள் வையுங்கள். ஒரு காலத்தில் உடற்பயிற்சி வேண்டாம் என்றுகூடச் சொல்வார்கள். இப்போது நடையும் தசைப் பயிற்சியும் களைப்பைக் குறைக்கும் என்று அதையே எழுதித் தருகிறார்கள். வெயில் ஏறும் முன் செய்தால் போதும். வாசிப்பது, புதிய மொழி, இசை கற்பது எல்லாம் மூளையின் 'இருப்பை'க் கூட்டும் பழக்கங்கள். 'முப்பது நாளில் எம்.எஸ். குணம்' என்று வரும் வீடியோக்களுக்கு மட்டும் ஸ்கிப் பட்டனை அழுத்துங்கள். முழுமையாகக் குணமாக்கும் மருந்து இன்று எந்த வைத்தியத்திலும் இல்லை.

பட்டாபிராமிலிருந்து எங்கே போவது?

நீங்கள் பிடிக்கும் அதே ரயில் போதும். மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸில் இறங்கிச் சாலையைக் கடந்தால் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. நம் வாயில் இன்னும் 'ஜி.எச்.'தான். 1950-ல் டாக்டர் பி.ராமமூர்த்தி நரம்பு அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கிய இடம் அது. நரம்பியலுக்கு அங்கே தனிப் பிரிவு இருக்கிறது. முதல்வரின் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள், எந்தச் சிகிச்சைக்குப் பொருந்தும் என்று அங்கேயே விசாரியுங்கள்.

1985-ல் தொடங்கிய 'மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சொசைட்டி ஆஃப் இந்தியா'வுக்குச் சென்னையிலும் கிளை இருக்கிறது. இதே நோயோடு வேலைக்குப் போய்க்கொண்டிருப்பவர்களிடம் பேச அது ஒரு வழி. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்டிருக்கும் 21 வகைகளில் எம்.எஸ்.ஸும் ஒன்று. அரசு வேலையில் இருக்கும்போது பாதிப்பு வந்தால் வேலையை விட்டு நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. வெளியே தெரியாத நோய்க்கு ஒரு காகிதச் சான்று பெரிய பலம்.

அடுத்த முறை டாக்டரிடம் கேட்க, போனில் குறித்துக்கொள்ளுங்கள்:

* என் நோய் இப்போது கட்டுக்குள் இருக்கிறதா? எதை வைத்துச் சொல்கிறீர்கள்?
* போன ஸ்கேனுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? புதிய திட்டுகள் உண்டா?
* என் சிந்தனை வேகத்தை எப்போது அளக்கலாம்?
* இந்த மருந்தை எவ்வளவு நாள்? நிறுத்த வேண்டி வந்தால் எப்படி நிறுத்துவது?

'கண்ணுதான் நல்லாயிடுச்சே' என்று அம்மாவோ அப்பாவோ கேட்டால் கோபப்படாதீர்கள். அவர்களுக்குத் தெரிந்தது கண் மட்டும்தான். அந்த பேங்க் கணக்கு உதாரணத்தைச் சொல்லுங்கள். அப்படியும் புரியவில்லை என்றால், அடுத்த செக்கப்புக்கு அவர்களையும் ரயிலில் கூட்டிக்கொண்டு போங்கள். மிச்சத்தை டாக்டர் சொல்லட்டும். அதுவரைக்கும் மாத்திரை நிற்க வேண்டாம்.